போதை சிகிச்சை பலித்ததா? ஆறு மாதக் கணக்கும் இருபது ஆண்டுக் கணக்கும்

மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்களில் “90% வெற்றி” போன்ற வாசகங்களைப் பார்த்திருப்போம். இன்னொரு பக்கம், “சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி போதைக்கே திரும்புகிறார்கள்” என்று செய்தி வருகிறது. இரண்டையும் படிக்கிறவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. எதை, யாரிடம், எப்போது அளந்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே சிகிச்சைக்கே இந்த இரண்டு எண்களும் வரும். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

லெக்சிங்டன் பண்ணை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகருக்கு அருகே 1935இல் அந்த நாட்டு அரசு ஒரு பெரிய மருத்துவமனையைத் திறந்தது. பாதி சிறை, பாதி மருத்துவமனை. சுற்றிலும் விவசாய நிலம், மாட்டுத் தொழுவம். தண்டனைக் கைதிகளும், தாங்களாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் ‘பண்ணை’ என்றே சொன்னார்கள்.

1950களில் அங்கிருந்து வெளியேறி நியூயார்க் திரும்பிய ஏறக்குறைய 1,900 பேரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 1962இல் முடிவு வெளியானது. 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் மறுபடி அடிமையாகியிருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். இதைப் படித்த யாரும் ‘பண்ணை தோற்றுவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

அதே மருத்துவமனையில் 1952 வாக்கில் சேர்ந்த நியூயார்க் ஆண்கள் 100 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜார்ஜ் வைலன்ட் என்ற மனநல மருத்துவர் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களிலும் கிட்டத்தட்ட எல்லோரும் வெளியே வந்த சீக்கிரத்திலேயே திரும்ப ஆரம்பித்தவர்கள்தான். ஆனால் இருபதாம் ஆண்டில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிலையாகப் போதையை விட்டிருந்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 23 பேர் இறந்துவிட்டார்கள்.

ஒரே இடம், ஒரே வகை நோயாளிகள். ஆறு மாதத்தில் அளந்தால் படுதோல்வி, இருபது ஆண்டில் அளந்தால் கலவையான முடிவு. அப்படியானால் விட்டவர்கள் லெக்சிங்டன் சிகிச்சையால்தான் விட்டார்களா? அதுவும் இல்லை. குறுகிய காலம் மருத்துவமனையில் இருந்ததால் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பதுதான் வைலன்ட் கண்டது. சிறைக்குப் பின் ஓராண்டாவது கண்காணிப்போடு கூடிய பரோலில் இருந்தவர்களிடம் பலன் தெரிந்தது. நீண்ட காலம் அளந்ததால்தான் இந்த வேறுபாடே கண்ணில் பட்டது.

முதலில் சில சொற்கள்

1. டிடாக்ஸ்: உடம்பிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றும் சில நாள் அல்லது சில வாரக் கட்டம். கை நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை போன்ற விலகல் அறிகுறிகளுக்கு மருந்து கொடுப்பார்கள். இது சிகிச்சையின் வாசற்படி மட்டுமே. பல மையங்கள் காட்டும் ‘வெற்றி’ இந்த வாசற்படியைத் தாண்டியவர்களின் எண்ணிக்கைதான்.

2. சறுக்கலும் ரிலாப்ஸும்: ஒரு நாள் எடுத்துவிட்டு நிறுத்துவது சறுக்கல். பழையபடி தொடர்ந்து எடுப்பது ரிலாப்ஸ். இரண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பதை ஒவ்வோர் ஆய்வும் தானே முடிவு செய்கிறது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் சதவீதமும் நகரும்.

3. தக்கவைப்பு: சேர்ந்தவர் எத்தனை நாள் சிகிச்சையில் நீடித்தார் என்பது. அளக்க மிக எளிது, வருகைப் பதிவேடு போதும். அதனாலேயே இதைத் தேவைக்கு மேல் நம்புகிறார்கள்.

4. பராமரிப்பு மருந்து: ஹெராயின் போன்ற ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், ப்யூப்ரெநார்ஃபின் ஆகியவற்றை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கொடுப்பது. இந்த மருந்தை எடுப்பவர் ‘விட்டவரா, விடாதவரா’ என்பது இன்றும் சண்டை நடக்கும் கேள்வி.

5. தாங்குதிறன்: பழகிய உடம்பு அதிக அளவைத் தாங்கும் தன்மை. சில வாரம் நிறுத்தினாலே குறைந்துவிடும். இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம், உயிர் போகும் விஷயம்.

எதை அளப்பது?

‘இப்போது எடுக்கிறாரா இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களிலேயே உணர்ந்துவிட்டார்கள். 1980இல் தாமஸ் மெக்லெல்லனும் அவரது குழுவும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அது ஏழு விஷயங்களைத் தனித்தனியே மதிப்பிடுகிறது: உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், சட்டச் சிக்கல், குடும்பமும் சுற்றமும், மனநலம். ஹெராயினை விட்ட ஒருவர் தினமும் குடிக்க ஆரம்பித்திருந்தால் ஒற்றைக் கேள்வி அவரை ‘வெற்றி’ என்று எழுதும். ஏழு கட்டங்கள் அப்படி எழுதாது.

இங்கிலாந்தில் 2007 முதல் பயன்படும் படிவம் இதைவிடச் சிறியது. ஒரு பக்கம், சில நிமிட வேலை. கடந்த 28 நாளை வாரம் வாரமாகப் பிரித்துக் கேட்கிறார்கள்: ஹெராயின் எத்தனை நாள், மது எத்தனை நாள், ஊசி போட்டது எத்தனை நாள், கூலி வேலைக்குப் போனது எத்தனை நாள், கடையில் திருடியது எத்தனை நாள், போதைப்பொருள் விற்றது எத்தனை நாள், தங்க இடம் இருக்கிறதா. அப்புறம் உடல்நிலை, மனநிலை, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இருபதுக்குள் அவரே மதிப்பெண் போட வேண்டும். சேரும்போதும், இடையிலும், வெளியேறும்போதும் இதையே திரும்பக் கேட்டு ஒப்பிடுகிறார்கள்.

நாள் கணக்கில் கேட்பதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மாதத்தில் 28 நாள் எடுத்தவர் 6 நாளுக்கு வந்திருந்தால் அது பதிவாகும். ‘விட்டாச்சா’ என்று கேட்டால் அவர் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார், இத்தனை மாற்றமும் கணக்கில் வராமல் போயிருக்கும்.

எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது?

‘போன வருஷம் எத்தனை நாள் குடிச்சீங்க’ என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதற்காகத்தான் லிண்டா சோபெல், மார்க் சோபெல் இருவரும் நாட்காட்டி முறையைக் கொண்டுவந்தார்கள். நாட்காட்டியை முன்னால் வைத்து, முதலில் மறக்க முடியாத நாட்களைக் குறிப்பார்கள்: பண்டிகை, பிறந்தநாள், உறவில் ஒரு சாவு, சம்பள நாள். அப்புறம் ‘தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா’ என்று இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு போவார்கள். நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்ட எளிய கருவி.

பொய் சொன்னால்? சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. ஆனால் ஹெராயின் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் தெரியும். நீண்ட நாள் கஞ்சா புகைத்தவருக்கு வாரக் கணக்கில் தெரியும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடியில் மூன்று மாதக் கதை இருக்கும். தண்டனையோ மருந்து நிறுத்தமோ வராது என்ற உறுதி இருந்தால் நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் சோதனையோடு ஒத்துப்போகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கேட்பவர் யார் என்பதுதான் முக்கியம். சிகிச்சை கொடுத்தவரே வந்து கேட்டால் முகத்துக்காகச் சொல்லும் பதில்தான் வரும்.

சோதனைக்கும் வாய்மொழிக்கும் உள்ள தூரத்தைக் கலிபோர்னியா ஆய்வு ஒன்று நன்றாகக் காட்டுகிறது. ஹெராயின் அடிமைகளாக 1962 முதல் 1964 வரை கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட 581 ஆண்களை 33 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடைசிச் சுற்று 1996–97இல் நடந்தது. நேர்காணல் தந்தவர்களில் சிறுநீரில் ஹெராயின் தெரிந்தது 20.7 சதவீதம் பேருக்கு. கடந்த ஓராண்டில் ஹெராயின் எடுத்ததாக வாயால் சொன்னவர்கள் 40.3 சதவீதம். அதே ஆட்கள், அதே சுற்று. இங்கே பேச்சுதான் சோதனையைவிட அதிகம் சொன்னது. சோதனை மூன்று நாளைப் பார்க்கிறது, பேச்சு ஒரு வருடத்தைப் பார்க்கிறது. எந்த எண்ணைத் தலைப்பில் போடுவது என்பது எழுதுபவர் கையில்.

யாரைக் கணக்கில் சேர்ப்பது?

சதவீதம் என்பது பின்னம். எல்லோரும் மேலே இருக்கும் எண்ணையே பார்க்கிறார்கள். ஏமாற்று நடப்பது கீழே இருக்கும் எண்ணில், அதாவது பகுதியில்.

100 பேர் சேர்கிறார்கள். 40 பேர் பாதியில் ஓடிவிடுகிறார்கள். 60 பேர் முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கிடைப்பவர்கள் 30 பேர். அவர்களில் 27 பேர் ‘நல்லா இருக்கேன்’ என்கிறார்கள். 27ஐ 30ஆல் வகுத்தால் 90 சதவீதம். சேர்ந்தவர்கள் 100 பேரால் வகுத்தால் 27 சதவீதம். இது கற்பனை உதாரணம்தான். ஆனால் விளம்பரத்து 90 வர ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

நிஜ உதாரணம் இதைவிடச் சுவையானது. 2018இல் லான்செட் இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஓபியாய்டு அடிமைகள் 570 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 283 பேருக்கு மாதம் ஒரு நால்ட்ரெக்சோன் ஊசி (ஓபியாய்டு உடம்பில் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து), 287 பேருக்குத் தினமும் ப்யூப்ரெநார்ஃபின். 24 வாரம் கழித்துப் பார்த்தார்கள். சிகிச்சை மருந்தைத் தவிர வேறு ஓபியாய்டை நான்கு வாரம் தொடர்ச்சியாக எடுத்தாலோ, ஏழு நாள் தினமும் எடுத்தாலோ ரிலாப்ஸ் என்று முன்கூட்டியே கோடு போட்டிருந்தார்கள்.

நால்ட்ரெக்சோனில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் ஓபியாய்டு மிச்சம் இருக்கும்போது போட்டால் விலகல் அறிகுறிகள் மூர்க்கமாக வரும். எனவே முதலில் டிடாக்ஸை முழுதாக முடிக்க வேண்டும். அதை முடித்து முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள முடிந்தவர்கள் 204 பேர்தான். ப்யூப்ரெநார்ஃபின் பக்கம் 270 பேர் தொடங்கினார்கள். இப்போது கணக்கு:

1. மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால்: நால்ட்ரெக்சோனில் 204 பேரில் 106 பேர், 52 சதவீதம் ரிலாப்ஸ். ப்யூப்ரெநார்ஃபினில் 270 பேரில் 150 பேர், 56 சதவீதம். கிட்டத்தட்டச் சமம், நால்ட்ரெக்சோன் ஒரு மயிரிழை முன்னால்.

2. குலுக்கலில் வந்த எல்லோரையும் எடுத்தால்: 283 பேரில் 185 பேர், 65 சதவீதம். 287 பேரில் 163 பேர், 57 சதவீதம். இப்போது ப்யூப்ரெநார்ஃபின் முன்னால்.

ஒரே ஆய்வு, ஒரே மனிதர்கள், கீழெண் மாறியதும் முந்தியவர் பிந்துகிறார். ஊசியை விற்கும் நிறுவனம் முதல் கணக்கை விரும்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருத்துவ ஆய்வில் மதிப்புள்ளது இரண்டாவது, ஏனென்றால் வாசலில் நிற்கும் நோயாளிக்கு ‘உன்னால் தொடங்க முடியுமா’ என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எப்போது அளப்பது?

1971இல் ஹன்ட் தலைமையிலான குழு ஹெராயின், சிகரெட், மது மூன்றையும் விட்டவர்களின் ரிலாப்ஸைக் கோட்டுப்படமாக வரைந்தது. மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. முதல் மூன்று மாதத்தில் செங்குத்தான சரிவு, அதற்குள் விட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் திரும்பிவிடுகிறார்கள், பிறகு கோடு தட்டையாகிறது. ஆகவே ஒரு மாதத்தில் அளந்தால் எல்லா மையமும் நல்ல மையம்தான்.

சிகாகோவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த மைக்கேல் டென்னிஸ் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. இவ்வளவு காலம் விட்டிருப்பவர் அடுத்த ஓராண்டும் விட்டிருக்க வாய்ப்பு என்ன? விட்டு ஓராண்டு ஆகாதவர்களில் சுமார் மூன்றில் ஒருவர். ஓராண்டு முதல் மூன்றாண்டு ஆனவர்களில் சுமார் மூன்றில் இருவர். மூன்றாண்டு தாண்டியவர்களில் 86 சதவீதம் அளவில். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று அளவைக் கற்களை நட வேண்டியதற்கு இதுதான் காரணம். அதே குழு இன்னொன்றும் கண்டது: முதல் சிகிச்சையிலிருந்து ஒரு முழு வருடம் போதையின்றிக் கழிப்பதற்கு இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்) ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, இடையில் மூன்று நான்கு முறை சிகிச்சைக்கு வருகிறார்கள். அப்படியானால் மூன்றாம் முறை வந்தவரை ‘இரண்டு தடவை தோற்றவர்’ என்று எழுதுவதா, ‘பாதி வழி வந்தவர்’ என்று எழுதுவதா?

எதோடு ஒப்பிடுவது?

இதுதான் கடினமான பகுதி. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து, குறைந்திருக்கிறது என்றால் சிகிச்சை வேலை செய்தது என்று சொல்லலாமா? மூன்று காரணங்களால் அவசரப்படக் கூடாது.

1. யாரும் நன்றாக இருக்கும் நாளில் மையத்துக்கு வருவதில்லை. வேலை போய், வீட்டில் சண்டை முற்றி, போலீஸ் வந்து, அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் வருகிறார்கள். அங்கிருந்து ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சராசரியாகக் கொஞ்சம் மேலே வருவார்கள். இந்த இயல்பான ஏற்றத்தையும் மையம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

2. நீண்ட நாள் தங்கியவர்களின் பலன் நன்றாக இருக்கிறது என்பது திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. 1991–93இல் அமெரிக்காவின் 11 நகரங்களில் 10,010 பேரைச் சேர்த்த ஆய்விலும், தங்கிப் பெறும் சிகிச்சையில் 90 நாளைத் தாண்டியவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் விட்டுவிட வேண்டும் என்ற உறுதி இருப்பவர்தான் 90 நாள் இருப்பார். நாட்கள் உறுதியைத் தந்தனவா, உறுதி நாட்களைத் தந்ததா? இதைக் கேட்காமல் ‘மூன்று மாதப் பேக்கேஜ்’ விற்பது சுலபம்.

3. வெவ்வேறு சிகிச்சைக்கு வெவ்வேறு ஆட்கள் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2001இல் 1,033 பேரைச் சேர்த்த ஆய்வு 33 மாதம் கழித்து, கடைசி 90 நாளில் போதைப்பொருள் தொடாதவர்களை எண்ணியது. தங்கி மறுவாழ்வு பெற்றவர்களில் 29.4 சதவீதம், மெத்தடோன் பெற்றவர்களில் 3.4 சதவீதம். ‘மெத்தடோன் வீண்’ என்ற கூச்சல் எழுந்தது. ஆனால் மறுவாழ்வு இல்லத்துக்குப் போகிறவர் விடுவதற்கென்றே போகிறவர். மெத்தடோன் தருவதன் முதல் நோக்கம் ஊசியையும் திருட்டையும் சாவையும் குறைப்பது. நீந்தக் கற்றுக்கொடுக்கும் இடத்தையும் படகு ஓட்டும் இடத்தையும் ‘எத்தனை பேர் நனைந்தார்கள்’ என்று ஒப்பிடுவது போன்ற வேலை இது. ஆனாலும் இந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர் தங்கள் விருப்பம் போதையை முழுதாக விடுவதே என்று சொல்லியிருந்தார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வியட்நாம். 1971 செப்டம்பரில் அங்கிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களிலிருந்து ஒரு மாதிரிக் குழுவை எடுத்து, அவர்களை ஊருக்குத் திரும்பிய பின் ஏறக்குறைய முழுமையாகத் தேடிப் பிடித்துப் பேசினார். முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள், அங்கே அடிமையாக இருந்தவர்களில் 5 சதவீதம் மட்டுமே. மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. லெக்சிங்டனின் 90க்குப் பக்கத்தில் இந்த 5ஐ வைத்துப் பார்த்தால் நம்பவே தோன்றாது. சூழல் மாறியது ஒரு காரணம். இன்னொன்று, மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்கள் போதை எடுப்பவர்களிலேயே விட முடியாமல் சிக்கியவர்கள். தானாக விட்டவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மருத்துவர்கள் பார்ப்பது திரும்பத் திரும்ப வருகிறவர்களை மட்டுமே என்பதால் அவர்களுக்கு நோய் உண்மையைவிடத் தீராததாகத் தெரிகிறது. இதற்கு ‘மருத்துவரின் மாயத்தோற்றம்’ என்று 1984இல் பேட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் பெயரே வைத்துவிட்டார்கள்.

இறந்தவர்கள் எந்தக் கட்டத்தில்?

கலிபோர்னியாவின் 581 பேருக்குத் திரும்புவோம். 33 ஆண்டு முடிவில் 284 பேர் இறந்திருந்தார்கள். 242 பேர் நேர்காணல் தந்தார்கள். மீதி 55 பேர் நேர்காணலில் இல்லை. தந்தவர்களில் சிறுநீரில் ஹெராயின் தெரிந்தவர்கள், சோதனைக்கு மறுத்தவர்கள் 9.5 சதவீதம், சிறையில் இருந்த 14 சதவீதம் எல்லோரையும் கழித்தால் சுமார் 135 பேர் மிஞ்சுவார்கள். நேர்காணல் தந்தவர்களில் அது 56 சதவீதம். முதலில் சேர்ந்தவர்களில் 23 சதவீதம். இறந்தவர்களைக் கீழெண்ணில் வைக்காமல் விட்டால், சாவு அதிகமாக அதிகமாக வெற்றி விகிதம் ஏறும். கொடூரமான கணக்கு, ஆனால் பல அறிக்கைகளில் அப்படித்தான் நடக்கிறது.

இன்னும் மோசமானது, ‘வெற்றி’ என்று எழுதப்பட்டவரே இறப்பது. லண்டனில் ஜான் ஸ்ட்ராங் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓபியாய்டு டிடாக்ஸுக்காக உள்நோயாளியாகச் சேர்ந்த 137 பேர் இருந்தார்கள். ஓராண்டுக்குள் மூன்று பேர் அளவுக்கு மீறி எடுத்து இறந்தார்கள். மூவருமே டிடாக்ஸை ஒழுங்காக முடித்த 37 பேர் கூட்டத்தில் இருந்தவர்கள். பாதியில் ஓடியவர்களில் அப்படி யாரும் இறக்கவில்லை. முடித்தவர்களுக்குத் தாங்குதிறன் போய்விட்டது. ஒரு சறுக்கலில் பழைய அளவை எடுத்தார்கள், உடம்பு தாங்கவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ‘சிகிச்சையை முடித்தவர்’ என்ற கட்டத்தில் மட்டும் டிக் அடிக்கும் படிவத்தில் இந்த மூவரும் வெற்றிகளாகவே இருப்பார்கள்.

பெரிய எண்ணிக்கையிலும் இதே வடிவம் தெரிகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கணக்குப்படி, மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 சாவு, நிறுத்திய காலத்தில் 36.1. ப்யூப்ரெநார்ஃபினுக்கு 4.3, 9.5. நீண்ட காலப் பலனில் முதலில் அச்சிட வேண்டிய வரி ‘உயிரோடு இருக்கிறார்களா’ என்பதுதான். எடுக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா என்பதெல்லாம் அதற்கு அடுத்த வரிகள்.

பிரஷர் மாத்திரை வாதம்

2000இல் மெக்லெல்லன் உள்ளிட்ட நால்வர் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ரத்த அழுத்த நோயாளி மாத்திரையை நிறுத்துகிறார், அழுத்தம் ஏறுகிறது. ‘மாத்திரை தோற்றது’ என்றா சொல்கிறோம்? மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்கிறோம். போதை சிகிச்சையை மட்டும் நிறுத்தி ஆறு மாதம் கழித்து அளந்து, ரிலாப்ஸ் என்றால் சிகிச்சை தோற்றது என்கிறோம். சிகிச்சைக்குப் பின் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் மறுபடி தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம் என்று அவர்கள் காட்டினார்கள். அளவையை சிகிச்சை நடக்கும்போதே வைக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

வாதம் பாதிக்கு மேல் சரி. ஆனால் இதை மையங்கள் கேடயமாகப் பிடிக்கும் அபாயமும் உண்டு. ‘ரிலாப்ஸ் நோயின் இயல்பு, நாங்கள் என்ன செய்ய’ என்று சொல்லிவிட்டால் மோசமான மையத்துக்கும் நல்ல மையத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். பிரஷருக்கு மாதாமாதம் அளந்து பார்க்கும் கருவியும், அடுத்த மாதமும் அதே டாக்டரும் இருக்கிறார்கள். முப்பது நாள் வைத்திருந்து வாசலில் விட்டுவிடும் மையம் அந்த ஒப்பீட்டைச் சொந்தம் கொண்டாட முடியாது.

பத்து வருடம் கழித்து ஆளை எப்படிப் பிடிப்பது?

சிட்னியில் 2001–02இல் சேர்த்த 615 ஹெராயின் பயனர்களில் சுமார் 70 சதவீதம் பேரைப் பதினோரு ஆண்டு கழித்து மறுபடி நேர்காணல் செய்தார்கள். பத்தில் ஒருவர் அதற்குள் இறந்திருந்தார். வீடும் போன் எண்ணும் அடிக்கடி மாறும் மனிதர்களை இப்படிப் பிடிப்பதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை, வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது. சேரும்போது அம்மா, அக்கா, நண்பர், வழக்கமாக டீ குடிக்கும் கடை, பட்டப்பெயர் வரை ஒரு தாளில் வாங்கிக்கொள்வார்கள், யாரிடம் என்ன சொல்லலாம் என்ற அனுமதியோடு. இடையில் சில மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அந்தத் தாளைப் புதுப்பிப்பார்கள். இறப்புப் பதிவேட்டோடும் சிறைப் பதிவேட்டோடும் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டும். ஆய்வு நிதி மூன்று ஐந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். இருபது முப்பது ஆண்டு ஆய்வுகள் விரல் விட்டு எண்ணும்படி இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இங்கே என்ன கேட்கலாம்

இந்தியாவில் எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது, 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார் என்று சொன்னது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவர்தான் எப்போதாவது உள்நோயாளியாக இருந்திருக்கிறார். எத்தனை பேர் வாசலை அடைகிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கெடுப்பின் கேள்வி. அடைந்தவர்களுக்கு ஐந்தாண்டில் என்ன ஆனது என்பது அதன் வேலை அல்ல.

எனவே வீட்டில் ஒருவரைச் சேர்க்கப் போகிறவர்கள் மையத்திடம் நேராகவே கேட்க வேண்டியிருக்கிறது:

1. போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள்?
2. வெளியே போனவர்களை எத்தனை மாதம் கழித்துத் தேடினீர்கள், எத்தனை பேர் கிடைத்தார்கள்? கிடைக்காதவர்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?
3. ‘விட்டார்’ என்று எழுதியது அவர் சொன்னதை வைத்தா, சோதனையை வைத்தா? மதுவும் அதில் அடங்குமா?
4. ஓபியாய்டு என்றால், வீட்டுக்கு அனுப்பும்போது தாங்குதிறன் குறைந்திருப்பதைப் பற்றி நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்கிறீர்களா? தொடர் மருந்து உண்டா?
5. மறுபடி ஆரம்பித்துவிட்டால் திரும்ப வரலாமா, அப்போது யார் பார்ப்பார்கள்?

‘100 பேர் சேர்ந்தார்கள், ஓராண்டில் 55 பேரைத்தான் பிடிக்க முடிந்தது, 30 பேர் எடுக்கவில்லை, 3 பேர் இறந்துவிட்டார்கள்’ என்று ஒரு மையம் பதிவேட்டைத் திறந்து காட்டினால், சுவரில் 90 எழுதியிருக்கும் பக்கத்து மையத்தைவிட அங்கே உட்கார்ந்து மேற்கொண்டு பேசலாம்.